ஐந்து வரிக் குழல்

அத்தியாயம் 7

மேப்பிள் ரன் ஊரில் ஓடிஸ் பிரன்னர் ஐந்து நிமிஷம் தொடர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். அன்று காலை அவன் பதினைந்து நிமிஷம் பேசவில்லை. வினிஃப்ரெட் ஹாஸ் பயந்துபோய், இரண்டாவது கோப்பை காப்பியைத் தன் கையாலேயே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருஷம் பொய்க்காரர்களைத் துரத்திவிட்டு, ஓய்வுபெற்ற மறுநாளே துப்பறியும் போர்டு மாட்டியவள் அவள். வீடு எரிந்துபோச்சு என்று அழுதுகொண்டு வந்தவனிடம், சாம்பலை மோந்து பார்த்துவிட்டு, "இது உன் பக்கத்து வீட்டுச் சாம்பலாச்சே" என்று சொன்னவள். ஓடிஸ் அவளுடைய உதவியாளன். பள்ளிக்கூட பஸ் ஓட்டாத கோடை மாதங்களில் மட்டும். இந்த ஆகஸ்டில் கட்சிக்காரனும் அவனே.

"மறுபடியும் முதல்லேருந்து சொல்லு."

"சொல்றதுக்கு என்ன மேடம் இருக்கு? போன சனிக்கிழமை நான் மாநில சாம்பியன். இன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு நான் திருடன். நடுவுல நாலு நாள் நல்லாத்தான் தூங்கினேன்."

மேஜையில் மணல் மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, நூறு கெஜம் தள்ளியிருக்கும் காகிதத்தில் ஐந்து குண்டையும் ஒரே ஓட்டை வழியாக அனுப்பப் பார்ப்பதுதான் இந்த ஊர்க்காரர்களின் ஆட்டம். பக்கத்து மாவட்டத்தில் ஒரு மாடு பெருமூச்சு விட்டால்கூடக் காற்று மாறிவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். இதில் இரண்டு வகுப்பு. திறந்த வகுப்பில் குழல், தோளில் அணைக்கும் கட்டை, விசை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்வித்துக் கோர்த்துக்கொள்ளலாம். கம்பெனி வகுப்பில் அந்தப் பேச்சே கிடையாது. கடையிலிருந்து வந்தது வந்தபடி இருக்கவேண்டும். மேலே மாட்டும் தொலைநோக்கி மட்டும் அவரவர் இஷ்டம்.

ஓடிஸ் கம்பெனி வகுப்பில் பதினாலு வருஷமாகக் கடைசி. இரண்டு வருஷம் மட்டும் கடைசிக்கு முந்தின இடம். அந்த இரண்டு வருஷமும் லூத்ஸ் கிழவருக்குக் கண்ணில் ஆப்பரேஷன்.

போன அக்டோபரில் அவன் புதுத் துப்பாக்கி வாங்கப் போனான். கடைக்காரர் ஐந்து கம்பெனித் துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். கூட வந்திருந்த ராய்ஸ் ஹெக்மன், அவனுடைய உயிர் நண்பன், திறந்த வகுப்பில் சிங்கம், "மெரிடித்தை எடுடா. பாலம் மாதிரி கனம். தும்மினாலும் அசையாது" என்றான். ஓடிஸ் கேட்கவில்லை. ஒவ்வொரு குழலின் முனையிலும் ஒரு பத்து சென்ட் காசை வைத்து, குண்டு போடாமல் விசையை அழுத்தினான். நாலில் காசு விழுந்தது. கார்வெல்லில் மட்டும் அது தூங்குகிற குழந்தை மாதிரி கிடந்தது. கடைக்காரர் சிரித்தார், ராய்ஸ் சிரித்தான். கடைவாசலில் கட்டியிருந்த நாய்கூடச் சிரித்ததாக ஓடிஸ் பிற்பாடு சத்தியம் செய்தான். என்றாலும் கார்வெல்லைத்தான் வாங்கினான். வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காமல் அவன் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அது. மனைவியைக்கூட அவன் அக்காதான் பார்த்துச் சொன்னாள்.

வசந்தத்தில் தொடர்ந்து மூன்று போட்டியில் முதல். ஆகஸ்டில் மாநிலப் பட்டம். புதன்கிழமை ஒரு மொட்டைக் கடுதாசி. கிளப் கமிட்டி குழலுக்குள் விளக்கு வைத்த சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தது. கார்வெல் கம்பெனிக் குழலுக்குள் குண்டைச் சுழற்றுவதற்கென்று சுருளாக ஓடும் வரிகள் ஐந்து. ஓடிஸின் குழலில் ஆறு.

யாரோ கைதேர்ந்தவன், பார்வைக்கு அச்சு அசலாக அதே மாதிரி, விலை உயர்ந்த வேறு குழலை மாட்டியிருக்கிறான். இன்று மூன்று மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் ஆயுள் தடை, பெயர் வாசல் பலகையில். மோசடி செய்தவர்கள் என்று அதில் இதுவரை இரண்டே பேர். ஒருவர் செத்துப்போய்விட்டார். மற்றவர் ஃப்ளோரிடாவுக்கு ஓடிவிட்டார். இரண்டும் ஒன்றுதான் என்பது மேப்பிள் ரன் அபிப்பிராயம்.

வினிஃப்ரெட் கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்தாள். டைப் அடித்த ஒரே வரி. 'ஓடிஸ் பிரன்னரின் குழலுக்குள் வரிகளை எண்ணிப் பாருங்கள்.'

"வீட்டுல திருடு போச்சுன்னு சொல்றவன் பக்கத்து வீட்டுக்காரன். பொருள் அலமாரியில ரெண்டாவது தட்டுல சாக்ஸுக்கு அடியில இருக்குன்னு சொல்றவன் யாரு?"

"திருடன்."

"இந்தத் துப்பாக்கி சரியில்லைன்னு இவன் எழுதல. உள்ள வரியை எண்ணுன்னு எழுதியிருக்கான். அப்ப மாத்தினவனே எழுதினது."

"மாத்தினவன் எதுக்கு மேடம் தன்னையே காட்டிக் குடுக்கணும்?"

"தன்னையா காட்டிக் குடுத்தான்? உன்னை. ஏன்னு அப்புறம் பாப்போம். உன்னோட பழைய குழல் எங்க? அதைச் சொல்லு. அது யார்கிட்ட இருக்கோ அவன்தான் ஆளு."

"எங்கியாவது தூக்கிப் போட்டிருப்பான், இல்லாட்டி..." ஓடிஸ் பாதியில் நிறுத்தினான். முகத்தில் அன்றைக்கு முதன்முதலாகப் பழைய ஓடிஸ் எட்டிப்பார்த்தான். "இல்ல மேடம். எங்க ஆளுங்க பெத்த புள்ளையைக்கூட ராணுவத்துக்கு அனுப்பிடுவாங்க. குழலைத் தூக்கிப் போடமாட்டாங்க."

"வேற என்ன செய்வாங்க?"

"தக்காளிக்கு ஊணுவாங்க."

விளையாட்டில்லை, நிஜம். ரெண்டாயிரம் குண்டு போனதும் நல்ல குழலுக்கு வயசாகிவிடும். பழைய இரும்புக் கடைக்குப் போட மனசு வராது. செடிக்குக் கொம்பாக நட்டுவிடுவார்கள். மேப்பிள் ரன்னில் ஒருவன் எத்தனை வருஷமாகச் சுடுகிறான் என்று தெரிய அவனைக் கேட்கவேண்டாம், தோட்டத்தில் கொம்பை எண்ணினால் போதும்.

வினிஃப்ரெட் எழுந்து வைக்கோல் தொப்பியை மாட்டினாள். "கிளப்புல தோட்டம் வச்சிருக்கிறவங்க எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

"வண்டியை எடு."

மாவட்டக் கண்காட்சியில் தக்காளிப் போட்டிக்கு முன்கூட்டியே பார்வையிட வந்தவள் என்று சொல்லிக்கொண்டு அவள் ஒவ்வொரு வேலியாகப் புகுந்தாள். சட்டையில் குத்தியிருந்தது பழைய இன்சூரன்ஸ் அடையாள வில்லை. யாரும் படித்துப் பார்க்கவில்லை. தன் தக்காளியைப் பார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறார் என்றால் மேப்பிள் ரன்காரனுக்குக் கண்ணே தெரியாது. லூத்ஸ் கிழவரின் மனைவி ஒரு தக்காளியைக் காட்டினாள். அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இன்னொரு வீட்டில் வினிஃப்ரெட் ஒவ்வொரு கொம்பாகக் குனிந்து பார்ப்பதைக் கண்டு, "தக்காளி மேல இருக்கு மேடம்" என்றார்கள்.

"வேர் முக்கியம்" என்றாள் வினிஃப்ரெட், கண்ணைச் சிமிட்டாமல்.

கொம்புகளெல்லாம் தடித்த, வெள்ளி நிறக் குழல்கள். திறந்த வகுப்புச் சரக்கு. கார்வெல் குழல் கறுப்பு.

பதினோராவது தோட்டத்தில் கறுப்பாக ஒன்று நின்றது. வீடு கிளப் தலைவர் லெஸ்டர் யவுண்ட்டுடையது. மூன்று மணிக்குத் தீர்ப்புச் சொல்லப்போகிறவர். ஓடிஸ் மண்டியிட்டு அதைப் பிடித்து இழுத்தான். அது தண்ணீர்க் குழாயின் நுனி; தோட்டத்தின் மறுகோடியில் குழாய் பிய்த்துக்கொண்டு பீறிட்டது.

லெஸ்டர் நனைந்த செருப்போடு வந்து நின்றார். "ஓடிஸ், என் தோட்டத்துல உனக்கு என்ன வேலை?"

"மேடத்துக்குக் கூடை தூக்குறேன்."

"கூடை எங்க?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

வண்டிக்குத் திரும்பும்போது மணி ஒன்றரை. பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். ஓடிஸ் சாவியைத் திருகவில்லை.

"ராய்ஸை விட்டுருங்க மேடம். இன்னிக்கு எனக்காகப் பேசப்போறதே அவன் ஒருத்தன்தான். பேச்சு எழுதி வச்சிருக்கான். தொலைநோக்கியை மாட்டிக் குடுத்ததும் அவன்தான்."

"எப்போ?"

"ஜனவரியில. பனி கொட்டின அந்த வாரம். அவன் வீட்டு நிலவறையிலேயே விட்டுட்டு வந்தேன். வாரக் கடைசியில போய் எடுத்துக்கிட்டேன்."

வினிஃப்ரெட் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நிலவறையில இரும்பு கடையற லேத் இருக்கா?"

ஓடிஸ் சாவியைத் திருகி வண்டியை எடுத்தான்.

ராய்ஸின் வீட்டில் பெயின்ட் உரிந்து உரிந்து, சுவருக்குச் சொறி பிடித்த மாதிரி இருந்தது. அவன் பின்வாசலிலேயே கட்டிப்பிடித்து வரவேற்றான். கையில் சீஸ் சாண்ட்விச், மறுகையில் பேச்சுக் காகிதம்.

"வாடா வாடா. கேளு. 'நண்பர்களே, ஓடிஸ் ஒரு தவறு செய்திருக்கலாம். ஆனால் அவன் கெட்டவன் அல்ல.' எப்படி இருக்கு?"

"தவறு செய்திருக்கலாமா?" என்றான் ஓடிஸ்.

"ஒரு பேச்சுக்குத்தான்டா. கமிட்டி மனசு இளகணும்ல? நீங்க உக்காருங்க மேடம். சாண்ட்விச் சாப்பிடுறீங்களா?"

"சீஸ் மட்டும் குடுங்க, போதும்." அவள் பார்வை தோட்டத்தில் இருந்தது. பன்னிரண்டு செடி, பன்னிரண்டு கொம்பு. அத்தனையும் பளபளவென்று பச்சை வர்ணத்தில். "ராய்ஸ், வீட்டுக்குக் கடைசியா எப்ப பெயின்ட் அடிச்சீங்க?"

ராய்ஸ் சிரித்தான். "என் கல்யாணத்துக்கு. அவ விட்டுட்டுப் போயே இருபது வருஷமாச்சு."

"தக்காளிக் கொம்புக்கு?"

சாண்ட்விச் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

வினிஃப்ரெட் அவன் கொடுத்த சீஸை உருட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். முதல் கொம்பின் மேல்முனை ஓட்டையில் கட்டைவிரலால் திணித்து, கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தாள். சீஸ் உருண்டையின் விளிம்பில் பிஸ்கட் அச்சு மாதிரி பள்ளங்கள். "ஆறு" என்றாள். அடுத்தது. "ஆறு." அடுத்தது. ஓடிஸ் பின்னால் நடந்தான். ஆறு வரட்டும், ஆறு வரட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். தன்னைக் காப்பாற்றக்கூடிய எண் ஐந்து என்பது அவனுக்கு மறந்தேபோனது.

ஒன்பதாவது செடி. வினிஃப்ரெட் சீஸை வெளியே எடுத்தாள். எண்ணினாள். அதை ஓடிஸின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஐந்து.

ஓடிஸ் குனிந்து நகத்தால் பச்சை வர்ணத்தைச் சுரண்டினான். அடியில் கறுப்பு. கறுப்பில் சின்ன எழுத்தில் 'கார்வெல்'.

"ராய்ஸ்" என்றான். அதற்கு மேல் ஒரு நையாண்டியும் வரவில்லை. தேடிப் பார்த்தான், இல்லை.

ராய்ஸ் சாண்ட்விச்சைச் சுவர்மேல் வைத்தான். "உன்னைக் கெடுக்கணும்னு மாத்தலடா. சத்தியமா. பதினாலு வருஷம் உன் காகிதத்தைப் பாத்தேன். அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. உன் முன்னாடி இல்ல, நீ போனப்புறம். எனக்குப் பொறுக்கல. என்கிட்ட அருமையான குழல் ஒண்ணு சும்மா கிடந்துச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவன் பட்டியல்ல நடுவுல வரட்டும்னு நினைச்சேன்."

"நடுவுலயா?"

"நீ முதல்ல வருவேன்னு நான் கனவா கண்டேன்?"

வினிஃப்ரெட் கேட்டாள். "சரி, பரிதாபப்பட்டீங்க. கடுதாசி எதுக்கு?"

ராய்ஸின் கழுத்து சிவந்தது. "மூணு போட்டி ஜெயிச்சதும் இவன் என்ன பண்ணினான் தெரியுமா மேடம்? ஜூலையில, காலைச் சாப்பாட்டுக் கடையில, அத்தனை பேரு முன்னாடி எனக்குப் பாடம் எடுத்தான். எனக்கு! 'ராய்ஸ், நீ மூச்சைச் சரியா விடறதில்ல. ராய்ஸ், துப்பாக்கி எடுக்கறதுன்னா காசை வச்சுப் பாக்கணும், உன்னை மாதிரி கனத்தைப் பாக்கக்கூடாது.' எல்லாரும் கை தட்டுறாங்க. என் குழல், என் கைவேலை, எனக்கே உபதேசம்! வாயைத் திறந்து சொல்லவும் முடியல. நாலு வாரம் தூங்கல நான்."

"அதனால பரிதாபத்தைத் திருப்பி வாங்கிட்டீங்க" என்றாள் வினிஃப்ரெட்.

"கமிட்டியில பேசி எச்சரிக்கையோட விடவச்சுருப்பேன். அதான் பேச்சு எழுதினேன்."

ஓடிஸ் இதில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. குழலின்மேல் கை வைத்தபடி நின்றான். "ராய்ஸ், ஒண்ணு கேக்குறேன். இதைக் கழட்டறதுக்கு முன்னாடி, இந்தக் குழலை வச்சு ஒரு தடவையாவது சுட்டுப் பாத்தியா?"

"எதுக்கு?"

"நல்லா இருக்கான்னு பாக்க."

ராய்ஸ் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "நீ பாத்து எடுத்தது எப்படிடா நல்லா இருக்கும்?"

அவனுக்கு அதில் தப்பே தெரியவில்லை. ஓடிஸ் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த முகத்துக்குப் பக்கத்தில் நின்று மீன் பிடித்திருக்கிறான், தன் அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கியிருக்கிறான். பிறகு இரண்டு கையாலும் குழலைப் பிடித்து மண்ணிலிருந்து பிடுங்கினான். கொம்பு போன செடி காய்களோடு தரையில் படுத்தது. ராய்ஸ் அதை நிமிர்த்தக் குனிந்தான்.

வண்டியில் வினிஃப்ரெட் நேரத்தைப் பார்த்தாள். மூன்றுக்குப் பத்து நிமிஷம். "கமிட்டியில நான் பேசட்டுமா?"

"என்னன்னு பேசுவீங்க?"

"நடந்ததை."

ஓடிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நடந்தது என்னன்னா, மேடம், ஒரு ஆளு சுடத் தெரியாம நிக்குறதைப் பாத்து இன்னொருத்தன் இரக்கப்பட்டு ஊட்டி விட்டிருக்கான். அதை வாங்கித் தின்னுட்டு இவன் ஊருக்கே சமையல் சொல்லிக் குடுத்திருக்கான். இப்ப எனக்கு ரெண்டு வழி. பேசாம இருந்தா நான் திருடன். சொன்னா நான் கோமாளி. திருடனுக்காவது கொஞ்சம் மூளை உண்டுன்னு ஜனங்க நினைப்பாங்க."

வினிஃப்ரெட் முப்பது வருஷத்தில் எத்தனையோ பேருக்கு உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த உண்மை வேண்டாம் என்று சொல்லக்கூடிய நிலையில் இருந்த ஆளை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கிளப் அறையில் ராய்ஸைத் தவிர நாற்பது பேர் இருந்தார்கள். நானூறு பேருக்கான சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிஸ் நேராக நடந்துபோய், மண்ணும் தக்காளி இலையும் ஒட்டிக்கொண்டிருந்த குழலைக் கமிட்டி மேஜையில் வைத்தான். சத்தம் நின்றது.

"இதுதான் என் குழல்" என்றான். "ஜனவரியிலேருந்து ராய்ஸ் வீட்டுத் தோட்டத்துலயும் நிலவறையிலயும் இருந்திருக்கு. அவன் மாத்தினான். நான் கடைசியா வர்றதைப் பாக்கச் சகிக்காம மாத்தினான். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். நான் சுட்டு அஞ்சு குண்டு ஒரே ஓட்டையில போச்சுன்னா அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல. நான் நல்லாச் சுடுறேன்னு நினைச்சுட்டேன்." அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "காலைச் சாப்பாட்டுக் கடையில நான் சொன்ன அறிவுரையெல்லாம் வாபஸ். அதைக் கேட்டு யாராவது மூச்சை மாத்தியிருந்தா, பழையபடியே விட்டுக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் லூத்ஸ் கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

வினிஃப்ரெட் கடுதாசியையும் கறுத்த சீஸ் உருண்டையையும் மேஜையில் வைத்து மிச்சத்தைச் சொன்னாள். கமிட்டி எழுந்து உள்ளே போய், நாலு நிமிஷத்தில் திரும்பியது. லெஸ்டர் யவுண்ட் கண்ணாடியைத் துடைத்தார்.

"பட்டம் ரத்து. துப்பாக்கி கம்பெனித் துப்பாக்கி இல்ல, அதை மாத்த முடியாது. ஓடிஸ் பிரன்னர் பேர்ல குத்தம் எதுவும் இல்ல. ராய்ஸ் விஷயத்தைத் தனியா விசாரிப்போம். என் தண்ணிக் குழாயைப் பத்தியும்."

கூட்டம் கலைந்தது. ஆளாளுக்கு ஓடிஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். தட்டியது கொஞ்சம் மெதுவாக இருந்தது. உடைந்த பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி. அதுதான் அவனுக்கு எதையும்விட வலித்தது.

அவன் மேஜைக்குப் போனான். "செப்டம்பர் போட்டிக்கு ஃபாரம் இருக்கா, லெஸ்டர்?"

லெஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்து, தானே நிரப்ப ஆரம்பித்தார். "வகுப்பு?"

"கம்பெனி."

"துப்பாக்கி?"

"கார்வெல்."

"குழல்?"

ஓடிஸ் மேஜையில் கிடந்ததைக் காட்டினான். லெஸ்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி உள்ளே பார்த்தார். ஒரு மண்புழு தலையை நீட்டியது. "துரு ஏறியிருக்குடா. துப்பாக்கி மெக்கானிக் சுத்தம் பண்ணிச் சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் விடுவேன். அப்படியே விட்டாலும், குண்டு காகிதத்துக்குப் போறதே சந்தேகம். கடைசிதான் வருவே."

"பழகின இடம்தான். யாரும் கொண்டுபோய் விடவேண்டியதில்ல."

லெஸ்டர் தலையாட்டி எழுதிக்கொண்டே போனார். ஃபாரத்தின் கடைசி வரி, பக்கத்து மேஜையில் யார் வேண்டும் என்பது. பதினாலு வருஷப் பழக்கத்தில் அவர் பேனா கேட்காமலேயே 'ராய்ஸ் ஹெக்மன்' என்று எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

ஓடிஸ் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினான். அந்தப் பெயரை முழுசாக ஒருமுறை படித்தான். அதன் குறுக்கே கோடு போட்டான். வேறு பெயர் எதுவும் எழுதாமல் ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தான்.